ஈரம் போகும் வழி

பள்ளிக்கூடங்களில் அறிவியல் கண்காட்சி என்று அறிவிப்பு வந்துவிட்டால், போடிநாயக்கனூர்க் கடைத்தெருவின் நோட்டுப் புத்தகக் கடைகளில் ஏலக்காய் வியாபாரிகளின் கணக்குப் பேரேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, வெள்ளை வெளேரென்ற தெர்மாகோல் பலகைகளும், இருபுறமும் வழவழப்பான காகிதம் போர்த்திய ஃபோம் போர்டுகளும் வாசலிலேயே அடுக்கப்படுவதையும், மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் உபாத்தியாயர் எழுதிக் கொடுத்த சீட்டையும் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் அங்கே வந்து நிற்பதையும் நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பலகையின் அளவு என்ன, கனம் என்ன, வர்ணத்தாள் எத்தனை என்றெல்லாம் நுணுக்கமாகக் குறித்திருக்கும் அந்தச் சீட்டின் கடைசி வரியில் ‘பசை – 1’ என்று மட்டும் இருக்கும். எந்தப் பசை என்று எழுதியவரும் சொல்வதில்லை, வாங்க வந்தவரும் கேட்பதில்லை. அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இன்று எழுத உத்தேசித்திருக்கிறேன்.

அற்ப விஷயம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு பிள்ளை மூன்று இரவு கண்விழித்துக் கட்டிய மாளிகையின் ஒரு பக்கச் சுவர் நடுவர் வந்து நிற்கும் வேளையில் சரிய, அதை இடது கையால் தாங்கிக்கொண்டே, மனப்பாடம் செய்த விளக்கத்தைத் தொண்டை கம்ம ஒப்பிக்கும் காட்சியை ஒரு முறையேனும் கண்டவர்கள் இதை அற்பம் என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைக்குக் கைவேலை போதாது என்று பெரியவர்கள் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். என் அபிப்பிராயம் வேறு. பெரும்பாலும் பிழை கையில் இல்லை. பசையைத் தேர்ந்ததில் இருக்கிறது. பசையைத் தேர்ந்ததில் உள்ள பிழையோ, அவகாசம் கொடுக்காத பெரியவர்களிடமிருந்து பிறக்கிறது.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி, நம் மலையின் பழைய ரோப்வேயைக் கண்காட்சிக்குச் செய்யப்போவதாக வந்து நின்றாள். எரிமலையையும் காற்றாலையையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்த எனக்கு, குரங்கணிக்கு மேலே மேகத்துக்குள் மறைந்திருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு குழந்தை கேட்டதே பரம சந்தோஷம். மூணாறுத் தேயிலையை வெளியுலகுக்கு அனுப்புவதற்காக 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போட்டு, அதன்மேல் வண்டிகளை மாடுகளைக் கொண்டு இழுத்தார்கள். 1908-ல் அது 2 அடி அகலமுள்ள சிறு ரயில் பாதையாக மாறிற்று. மலையுச்சியில் அந்த ரயில் வந்து நின்ற இடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலை கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் கீழிறங்கி, பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர்பெற்ற கொட்டகுடியை அடையும். அதற்குப்பின் போடி வரை சுமார் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம். 1924-ம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928-ல்தான். மலைமேல் ரயில் ஓடிய காலத்தில் அடிவாரத்தில் ரயில் இல்லை, அடிவாரத்துக்கு ரயில் வந்தபோது மலைமேல் இல்லை என்ற இந்த விசித்திரத்தை நான் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, “அப்ப ரெண்டையும் ஒண்ணா வச்சிரவா, தாத்தா?” என்று கேட்டாள். சரித்திரம் ஒப்பாது என்று தடுத்துவிட்டேன்.

அவள் போட்ட கணக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தகடு 100 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் 20,000 பங்காக இருப்பது பலகையில் ஒரு பங்கு. ஆகவே ரோப்வேயின் நீளம் 25 சென்டிமீட்டர், கொட்டகுடியிலிருந்து போடி வரை 75. ஒரு மீட்டர் பலகையில் கதை முழுவதும் அடங்கிவிடும். மலையின் உயரக்கோடுகளை ஒவ்வொரு தகட்டிலும் வரைந்து வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டவேண்டியதுதான் பாக்கி. கண்காட்சிக்கு நான்கு நாட்கள் இருந்தன.

முதல் தவறு என்னுடையது. வீட்டில், செருப்புக்கு அட்டை ஒட்டுகிறவர்களும் சோபாவுக்கு ரெக்சின் ஒட்டுகிறவர்களும் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசை ஒரு டப்பா கிடந்தது. மூடியைத் திறந்தால் பெட்ரோல் கடையில் நிற்பது போன்ற வாசனை வருமே, அந்த ஜாதி. தோலையே பிடித்துக்கொள்ளும் பசை, காற்றைப் போல் கனமற்ற இந்தப் பலகையைப் பிடிக்காதா என்று, யோசியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் வெட்டிய ஓரங்களில் பசையைத் தடவிச் சற்று நேரம் ஆகியிருக்கும்.

“தாத்தா, உள்ள என்னமோ கரையுது.”

“கரையாதுத்தா. காய்ஞ்சா சரியாயிரும்.”

மறுநாள் காலையில் மலையின் அடித்தகட்டைத் தொட்டேன். மேற்காகிதம் விரலோடு உள்ளே போயிற்று. பிளேடால் கீறிப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு காகிதங்களுக்கும் நடுவே இருந்த வெண்ணிறப் பொருள் ஒரு விரற்கடை தூரத்துக்குக் காணாமற்போய், அதன் இடத்தில் வேப்பம்பிசின் காய்ந்தாற்போன்ற மஞ்சள் ஏடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் பச்சைப் பசேலென்று பருத்து, நகத்தால் பிளந்தால் விதையே இல்லாத பொக்குக் காயை ஏலக்காய் ரகம் பிரிக்கும் பெண்கள் முறத்திலிருந்து பொறுக்கி எறிவார்களே, எங்கள் மலையும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது.

காரணம் சிக்கலானதல்ல. தெர்மாகோலும், ஃபோம் போர்டின் வயிற்றுக்குள் இருக்கும் மென்மையான பொருளும் பெரும்பாலும் ஒரே வஸ்துவினால் ஆனவை. பாலிஸ்டைரீன் என்பது அதன் பெயர். தெர்மாகோலில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. மிச்சமுள்ள 2 பங்கு பாலிஸ்டைரீன்தான் மெல்லிய சவ்வுகளாக நின்று அத்தனை பெரிய உருவத்தைத் தாங்குகிறது. ஃபோம் போர்டின் உள்ளீடு இன்னும் சற்று நெருக்கமானது. ஆனாலும் காற்றே அதிகம். டொலுவீன், அசிட்டோன், எதில் அசிட்டேட், பெட்ரோல் முதலிய திரவங்களில் இந்த வஸ்து, வெந்நீரில் சர்க்கரை கரைவதைப் போலக் கரைந்துவிடும். மஞ்சள் ரப்பர் பசையை இளக்கி வைத்திருப்பவை இத்தகைய திரவங்களே. பலகையின் மேலே காகிதம் காவல் இருக்கிறது என்பது மெய்தான். வெட்டிய ஓரத்தில் காவல் யார்? பசை அங்கே உட்கார்ந்து, தன் ஈரம் ஆவியாகி வெளியேறும் வரையில், தான் பிடிக்கவேண்டிய சவ்வுகளையே தின்றுகொண்டிருக்கிறது. பெயின்டுக் கடையில் விற்கும் தின்னரும், தெளிப்பான் டப்பாவில் வரும் சில வர்ணங்களும் இதே காரியத்தைச் செய்யும். ஒட்டி முடித்த மாளிகைக்கு வர்ணம் தெளித்தவுடன் அது அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் ஆகிவிட்டதாகப் புலம்புகிறவர்கள் இதனால்தான் புலம்புகிறார்கள்.

இரண்டாம் நாள், நொடியில் ஒட்டும் சிறு குழாய்ப் பசை பிரவேசித்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 1942-ல் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் என்ற ரசாயன நிபுணர், தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்கிறதே என்று வெறுத்து ஒதுக்கிய வஸ்து, 1958-ல் கடைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. காற்றிலும் பொருளின் மேற்பரப்பிலும் உள்ள ஈரப்பசையைத் தொட்டவுடன் இறுகுவது அதன் சுபாவம். அதில் சாதாரண ரகம் தெர்மாகோலை அரித்துவிடும். அரிக்காத தனி ரகம் ஒன்று உண்டு. அது நம் ஊர் நோட்டுப் புத்தகக் கடைகளில் தொங்கும் ரகமல்ல. மலைமேல் மூடுபனி காட்டவேண்டும் என்று பருத்திப் பஞ்சைப் பிய்த்து அந்தப் பசையால் ஒட்டப் போனவளை நல்லவேளையாகத் தடுத்தேன். பருத்தியும் அந்தப் பசையும் சேர்ந்தால் நொடியில் கொதிநிலைச் சூடு ஏறிப் புகையும், விரல் வெந்துபோகும். பனிக்குப் பிற்பாடு எங்கள் ஊர் இலவம்பஞ்சையே வெள்ளைப் பசையால் ஒட்டினாள். அது பனியைவிடப் பனியாக இருந்தது.

சூட்டுத் துப்பாக்கி என்று நான் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், குளூ கன் என்று சொல்லவேண்டுமாம். பசைக் குச்சியை உருக்கி வார்க்கும் அந்தக் கருவி, சீக்கிரம் ஒட்டவேண்டும் என்பவர்களுக்கு உபயோகமானதே. ஆனால் பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும்; துப்பாக்கியிலோ அதிகச் சூட்டில் இயங்கும் ரகத்தில் பசை ஏறக்குறைய 190 டிகிரியில் வெளிவருகிறது, குறைந்த சூட்டு ரகத்திலேகூட 120 டிகிரி உண்டு. ஆகவே குறைந்த சூட்டு ரகத்தை வாங்கி, பசை வெளிவந்தபின் நாலைந்து வினாடி ஆறவிட்டு, காகித முகத்தில் மட்டும் வைத்தால் பாதகமில்லை. எங்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை, அன்று மாலை கரண்ட் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு மிகவும் இளையவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். நான் பசை வேண்டும் என்றேன்.

“எத எதோட சேக்கப் போறீக?”

“ஃபோம் போர்டோட ஃபோம் போர்டு.”

“அது தெரியுது சார். காயிதத்தோட காயிதமா, இல்ல வெட்டுன ஓரத்தோட காயிதமா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. கல்லூரியில் ரசாயனம் படித்து, முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்ற ஒருவனுக்குத் தோன்றாத பேதம் அந்த மனிதருக்குத் தோன்றியது, அவர் தினந்தோறும் பசை விற்பதனால் மட்டுமல்ல, விற்ற பசை பிடிக்கவில்லை என்று மறுநாள் திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதனாலும்தான். அவர் எடுத்துக் கொடுத்தது சாதாரண வெள்ளைப் பசை. தமிழ்நாட்டில் எந்த நிறுவனம் செய்தாலும் ஃபெவிகால் என்ற ஒரே பெயரால் அழைக்கப்படும் அந்தப் பால்நிறப் பசைதான். பல்வந்த் பாரேக் என்பவர் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1959-ல். அதற்கு முன்பெல்லாம் நம் தச்சர்கள் மாட்டுத்தோலிலிருந்து எடுத்த வச்சிரப் பசையைத்தான், அடுப்பிலே காய்ச்சிச் சூடாறுமுன் பூசிக்கொண்டிருந்தார்கள். நம் வைகை அணை திறக்கப்பட்டதும் அதே 1959-ல்தான். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை என்று இந்த இடத்தில் வாசகர் நினைத்தால், சிறிது பொறுக்கவேண்டும்.

வெள்ளைப் பசையின் தத்துவம் என்னவென்றால், பாலிவினைல் அசிட்டேட் என்ற வஸ்துவின் நுண்துளிகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் விலகும்போது அவை நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து ஏடாக உறைகின்றன. பாலிஸ்டைரீனைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆகவே இந்தப் பசையால் பலகைக்குத் துரோகம் இல்லை. ஆனால் தண்ணீர் விலகவேண்டும் என்றேனே, எந்த வழியாக விலகும்? மரமும் அட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். காகிதம் ஓரளவு உறிஞ்சும். ஃபோம் ஒரு சொட்டும் உறிஞ்சாது. இதை யோசிக்காமல் என் பேத்தி, தோசைக்கல்லில் மாவு தேய்ப்பதுபோல் தகடு முழுவதும் பசையைப் பரப்பி, அடுத்த தகட்டை மேலே வைத்து அழுத்தினாள். ஓரத்தில் காற்றுப்பட்ட இடம் முதலில் காய்ந்து இறுகி, உள்ளே இருந்த ஈரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது. இரவு முழுவதும் வைத்திருந்தும், காலையில் மேல்தகட்டை உள்ளங்கையால் தள்ளினால் சேற்றில் பலகை நகர்வதைப்போல் நகர்ந்தது. அதோடு விடாமல், ஒரு பக்கக் காகிதம் மட்டும் ஈரத்தில் நனைந்து விரிந்து பிறகு சுருங்கியதால், மேல்தகடு பொரித்த அப்பளம்போல் வளைந்தும் இருந்தது.

பிறகு செய்ததைச் சொல்கிறேன். இதே வேலையில் இறங்கியிருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம். தகடுகளைப் பிரித்து, பழைய பசையைத் துடைத்து, நடுவிலிருந்து ஓரம் வரை வயலில் வாய்க்கால் வெட்டுவதுபோல் இடைவெளி விட்டுவிட்டு மெல்லிய கோடுகளாகப் பசையை இழுத்தோம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவிலுள்ள வெற்றிடம்தான் ஈரம் வெளியே போகும் பாதை. வளைந்த தகட்டின் மறுபுறத்தில் ஈரத்துணியால் இலேசாக ஒத்தி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொள்ளச் செய்தோம். வீட்டில் பரணில் கிடந்த பழைய ஏலக்காய்த் தராசின் எடைக்கற்களை மேலே வரிசையாக ஏற்றினோம். ஓரத்தோடு காகிதம் சேரவேண்டிய இடங்களில், அதாவது டாப் ஸ்டேஷன் கொட்டகையின் சுவர்களில், மெல்லிதாக ஒரு கோடு பசை வைத்து, காயும்வரை அசையாதிருக்கக் குண்டூசிகளைச் சாய்வாகக் குத்தினோம். ஒரு ராத்திரி. காலையில் குண்டூசிகளைப் பிடுங்கியபோது சுவர்கள் நின்றன. வழுக்கும் மேற்பரப்புள்ள இடங்களுக்கு டபுள் சைடு டேப்பையும் பயன்படுத்தினோம். அதில் ஈரமே கிடையாது, ஆகையால் போகவேண்டிய வழியும் தேவையில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஈரம் போகும் வழியைப் பற்றி நான் சொல்லவேண்டியதே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. செடியிலிருந்து எடுத்த பச்சை ஏலக்காயில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். அதை ஸ்டோர் என்னும் உலர்த்தும் அறையில் வைத்து, ஏறக்குறைய 50 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் அளவுக்கு நிதானமாக உலர்த்தி, 10 பங்குக்குக் கொண்டு வருகிறார்கள். சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பார்த்தால் காய் வெடித்துப் பச்சை நிறம் போய்விடும். ஸ்பைசஸ் போர்டின் ஏலத்தில் விலையும் போய்விடும். போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கும் நண்பர் ஒருவர், தம் பையனின் ஃபோம் போர்டு வீடு ஆடிமாதச் சாரலில் இரண்டு நாளாகியும் காயவில்லை என்று கண்டு, அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோருக்குள் ஏலக்காய்த் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்துவிட்டார். 50 டிகிரியில் பாலிஸ்டைரீனுக்கு ஆபத்தில்லை, பசைக்கோ அது ராஜோபசாரம். மறுநாள் அந்த வீடு 17 கொண்டையூசி வளைவுகளையும் ஜீப்பில் தோட்டத் தொழிலாளர்களின் மடிமீது கடந்து, ஒரு சுவரும் அசையாமல் போடி வந்து சேர்ந்தது. அந்த வீட்டுக்கு மட்டும் கண்காட்சி மண்டபத்தில் பாயச வாசனை வீசிற்றாம். சமவெளியில் அக்கினி நட்சத்திரத்தில் அரைமணியில் காயும் அதே பசை, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகும் மலைவீட்டில் ஓர் இரவிலும் காயாது என்பதை எந்தப் பசைக் குழாயின் மேலும் எழுதியிருக்கவில்லை.

வைகைக்கு வருகிறேன். கொட்டகுடி ஆறு போய்ச் சேரும் அந்த வைகையின் அணையில், 2017 ஏப்ரலில், அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு, நீர் ஆவியாவதைத் தடுப்பதற்காகத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், செல்லோ டேப்பால் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருந்த அவை சிறிது நேரத்தில் காற்றடித்துக் கரையொதுங்கியதும், நாடே சிரித்ததும் எல்லோருக்கும் தெரியும். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பில் ஓர் அநியாயம் இருந்ததாக இப்போது நினைக்கிறேன். நீர்ப்பரப்பை மூடினால் ஆவியாவது குறையும் என்ற யோசனையில் பரிகசிக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார், 2015 ஆகஸ்டில் தங்கள் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடிக் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை உருட்டிவிட்டார்கள். தண்ணீரின் தூய்மையைக் காப்பது பிரதான நோக்கமானாலும், ஆவியாவதும் அதனால் குறைந்தது. வித்தியாசம் எங்கே? பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக் காற்றில் பறக்காத கனம் கொடுத்திருந்தார்கள். பந்துகள் தாமே நெருங்கி அணிவகுத்துக்கொள்வதால் அவற்றை ஒட்டவே வேண்டியதில்லை. இங்கோ, கனமே இல்லாத பலகையை, குருணை உதிரும் சொரசொரப்பான ஓரத்தில், உலர்ந்த காகிதத்துக்கென்று செய்யப்பட்ட டேப்பை நம்பி, அலையடிக்கும் தண்ணீரில் விட்டோம். அன்று நடந்த விவாதங்களில் தெர்மாகோலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஒட்டைப் பற்றிப் பேசியவர் ஒருவரையும் நான் காணவில்லை. ஏழாம் வகுப்புக் கண்காட்சியில் சுவர் விழுவதற்கும் வைகையில் அட்டை பிரிந்ததற்கும் மூலகாரணம் ஒன்றே: ‘பசை – 1’.

நம் பழைய கைவினைஞர்கள் இப்படி இருக்கவில்லை. தஞ்சாவூர் ஓவியம் தீட்டுகிறவர் பலாப்பலகையின்மேல் துணியை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சினார். தச்சர் வச்சிரம் காய்ச்சினார். பட்டம் விடும் பையன் சோற்றுப் பருக்கையை நசுக்கினான். சுவரொட்டி ஒட்டுகிறவர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து பூச்சிக்கும் வழி அடைத்தார். எதற்கு எது என்பது அவர்களுக்குக் கேள்வியாகக்கூடத் தோன்றியிருக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே பசை என்ற மூடநம்பிக்கை கடையிலிருந்து வந்தது, பட்டறையிலிருந்து அல்ல. அதற்காக மறுபடியும் வச்சிரம் காய்ச்சவேண்டும் என்று சொல்கிறவன் அல்லன் நான். அந்த நாற்றத்தைச் சிறுவயதில் அனுபவித்திருக்கிறேன்.

ஃபோம் போர்டே வேண்டாம் என்று ஒரு கட்சியும் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் தெர்மாகோல் தட்டும் கோப்பையும் உண்டு; கண்காட்சிப் பலகைக்குத் தடையில்லை என்றாலும், கண்காட்சி முடிந்த மறுநாள் பள்ளிக்கூடத்துப் பின்புறத்தில் அவை கறும்புகை கக்கி எரிவதைப் பார்த்தால் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடத் தோன்றுகிறது. உண்மையில் அடுக்கு மலை செய்வதற்கு ஃபோம் போர்டு தேவையே இல்லை. மளிகைக் கடையில் கேட்டால் சும்மா கிடைக்கும் பழைய அட்டைப்பெட்டியே உத்தமம். அதன் வயிற்றிலுள்ள அலைமடிப்புகளின் வழியாகக் காற்றும் ஈரமும் தாராளமாகப் போய்வருவதால், மைதாப் பசை வைத்தாலும் பிடிக்கும். கூர்மையான மூலையும் வெண்மையான சுவரும் வேண்டிய கட்டடங்களுக்கு மட்டும் ஃபோம் போர்டை வைத்துக்கொள்ளலாம். இதை நாங்கள் உணர்ந்தது மலை ஒட்டி முடிந்தபிறகு.

பள்ளிக்கூடங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கண்காட்சி என்று நான்கு நாள் முன்னதாகச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, குறைந்தது பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். நான்கு நாள் கொடுத்தால் பிள்ளை தேடுவது நல்ல பசையை அல்ல, சீக்கிரப் பசையை. அந்தப் பத்து நாளில் முதல் நாளன்று, வெட்டி மிஞ்சிய துண்டுகளில் நான்கைந்து பசைகளை ஒவ்வொரு சொட்டு வைத்து, மறுநாள் எது பிடித்தது, எது தின்றது, எது ஈரமாகவே நிற்கிறது என்று வகுப்பிலேயே பார்க்கச் செய்யுங்கள். கரைதிறன், ஆவியாதல், வெப்பத்தால் இளகுதல் என்று பாடப்புத்தகத்தில் வறண்டு கிடக்கும் அத்தனை அத்தியாயங்களும் ஒரு சாண் பலகையில் உயிரோடு வந்து உட்காரும். மஞ்சள் பசையும் நொடிப் பசையும் ஆசிரியர் கையிலேயே, ஜன்னல் திறந்த அறையிலேயே இருக்கட்டும். நடுவர்களும், மேலே சுழலும் விளக்கையும் ஒப்பித்த விளக்கத்தையும் மட்டும் கண்டு மதிப்பெண் போடாமல், ஒரு மூலையை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்து, “இதை எதனால் ஒட்டினாய், ஏன்?” என்று கேட்கலாம். கடையில் காசு கொடுத்து வாங்கிவந்த மாதிரியின் உடைமையாளர் அந்தக் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடுவார். பெரும்பாலும் அவர் அப்பா.

பசை செய்கிற நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றே. குழாயின் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைகளில், ‘தெர்மாகோலுக்கும் ஃபோம் போர்டுக்கும் ஆகாது’ என்பதைத் தமிழ்நாட்டில் விற்கும் குழாய்களிலாவது தமிழில் அச்சிடுங்கள். ஒரு வரிதான்.

அவர்கள் அச்சிடும்வரை காத்திருக்க எங்கள் கடைக்காரர் தயாராக இல்லை. சென்ற வாரம் ரோப்வேக்குப் புது நூல் வாங்கப் போனபோது (மலை இன்னும் எங்கள் வீட்டு பீரோவின்மேல் நிற்கிறது, நூல்தான் ஒரு பல்லியின் ஓட்டத்தில் அறுந்துபோயிற்று), மஞ்சள் பசை டப்பாக்கள் இருக்கும் அலமாரிக்கு முன்னால், ‘தெர்மாகோலைத் திங்கும்’ என்று சிவப்பு மையில் எழுதிய அட்டை ஒன்றைக் கண்டேன். அதை அவர் எங்கும் ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.